துரைமாருக்கு மட்டுமா தூரக்கண்ணாடி?

என் லெட்சுமி அக்கா,

நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. இன்றைக்கு அழுவதற்காக எழுதவில்லை. ஒரு செய்தி இருக்கிறது, கொஞ்சம் சண்டையும் இருக்கிறது. நான் ஒரு தூரக்கண்ணாடி வாங்கிவிட்டேன்.

சிரிக்காதே. சும்மா நட்சத்திரம் பார்க்கத்தான். வேலையை விட்ட பிறகு, பொழுது சாய்ந்ததும் நம் தோட்டத்து லய வீட்டு வாசலில் உட்கார்ந்து மேலே பார்ப்பது பழக்கமாகிவிட்டது. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்துக்குக் குனிந்த கழுத்து கொஞ்சம் நிமிரட்டுமே.

முதலில் நுவரெலியாவில் ஒரு முஸ்லிம் நானா கடையில் சாதாரணமானது ஒன்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். என் கைதான் உனக்குத் தெரியுமே, தேத்தண்ணிக் கோப்பையே தளும்பும். எதிரே இருந்த கோயில் கோபுரம் பேய் பிடித்த மாதிரி ஆடியது.

"நடுக்கத்த நிப்பாட்டுற பைனாகுலர் இருக்குக்கா. பட்டன அமுக்குனா படம் அப்படியே நிக்கும். ஆனா புதுசு வாங்க ஒங்க லயத்த வித்தாலும் பத்தாது" என்றார் நானா.

"லயம் எங்க பேர்ல இருந்தாத்தானே விக்கிறதுக்கு?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, வெள்ளைக்காரர்களுக்குக் குருவி காட்டும் சிங்களத் தம்பி ஒருவரிடம் அனுப்பினார். அவர் தன்னுடைய பழையதை விற்க இருந்தார். ரப்பர் உரிந்திருந்தது, மூடி ஒன்றைக் காணோம். பட்டனை அமுக்கினேன். என் கை ஆடிக்கொண்டேதான் இருந்தது, தூரத்து மரக்கிளை ஆடவில்லை. குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், மடியில் வைத்துச் சூடாக்குங்கள் என்றும் சொல்லிக்கொடுத்தார். சீட்டுக் காசு போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்கவில்லை. வெளிச்சத்திலேயே பழகிக்கொள்வோம் என்று லயத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறிக் கண்ணில் வைத்தேன். கீழே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கண்ணாடி மின்னியதைக் கண்டார்கள். அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், நின்றவர்கள் குனிந்தார்கள், கைகள் பறந்தன. தோட்டத்தை நடத்தும் துரை பார்க்கிறார் என்று நினைத்துவிட்டார்கள், அக்கா. கண்ணாடியை உடனே இறக்கிவிட்டேன்.

காய்ச்சலோடு நீ செடியடியில் ஒரு நிமிடம் உட்கார்ந்ததை அப்படித்தானே அன்றைய துரை பங்களாவிலிருந்து தூரக்கண்ணாடியில் பார்த்தார்? முழு நாள் வேலை செய்தும் உனக்கு அரைப்பேர் போட்டார்கள். பாதிச் சம்பளம் போனதைவிட, மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சோம்பேறி என்று கூப்பிட்டதுதான் உன்னைத் தின்றது. நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் அக்கா நான் வாயைத் திறக்கவில்லை?

சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, கொழுந்தெடுத்துவிட்டு வந்த மாரியாயி முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "ஏன்டி பாக்கியம், தொரைக்கு ஆள் காட்டிக்குடுக்கவா இத வாங்குன?" மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். இரண்டு நாள் யாரும் என்னிடம் பேசவில்லை.

மூன்றாம் நாள், மலை வேலையைக் கவனிக்கும் கண்டாக்கையா லயத்துக்கே வந்துவிட்டார். "அந்தச் சாமான வெளிய எடுக்காத. ஆளுங்க மெரளுறாங்க."

"நான் பாக்குறதால மெரளுறாங்களா, நீங்க பாத்துப் பாத்துப் பழக்குனதாலயாங்க?" என்றேன். வாசலில் நின்றவர்கள் காதிலெல்லாம் விழுந்தது. அவர் திரும்பி நடந்தார். சொன்னது சொன்னதுதான்.

அன்று பொழுது சாய்ந்ததும் மாரியாயியைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பாறையில் நிறுத்தினேன். வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் பின்னாலேயே வந்தார்கள். நிலாவில் இருக்கும் குழிகளைப் பார்த்து "அம்மாடியோ" என்றாள். வியாழனுக்குப் பக்கத்தில் பொட்டுப் பொட்டாக நின்ற நாலு நிலாக்களை எண்ணினாள். பிறகு கண்ணாடியை மெதுவாக இறக்கி விளக்கெரிந்த பங்களாப் பக்கம் திருப்பினாள்.

"அடியே! தொரை காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காருடி! போடு அரைப்பேர்!"

நாங்கள் சிரித்த சிரிப்பு பங்களாவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம். கேட்டு என்ன பயன்? இனி இந்தத் தோட்டத்தில் எந்தப் பெண்ணையாவது சோம்பேறி என்று கூப்பிடட்டும், வேலையை விட்டவளானாலும் பெரட்டில் போய் நின்று நான் பேசுவேன். இது சத்தியம். உனக்குப் பேசாத வாய், அக்கா, இனி யாருக்காகவும் மூடாது.

உன் கூடப்பிறந்தவள்,
பாக்கியம்