மாற்றி வைக்காத காய்

2-8-53
ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் ஓய்ந்தது. வாசகசாலையில் சதுரங்கப் போட்டி ஆரம்பம். முதலில் வருபவர் திருநெல்வேலி ஜில்லாப் போட்டிக்குப் போகலாம். நான் போகவேண்டும். இந்த ஊருக்கு வெளியே ஒருவரோடும் ஆடியதில்லை.

அங்கே இங்கிலீஷ் சட்டம். இங்கேயும் அதுதான் என்று சண்டை போட்டு வாங்கினேன். "நம்ம ஆட்டத்துல என்ன வே கொறை கண்டீரு?" என்றார் காரியதரிசி கோமதிநாயகம். குறை ஒன்றுமில்லை. திருநெல்வேலியில் செல்லாது, அவ்வளவுதான்.

8-8-53
நூல் வியாபாரி நஜ்முதீன் ஆட்டங்களை முடித்துவிட்டார். எனக்கு ஒன்று பாக்கி, சோடாக்கடை உச்சிமாகாளியோடு. ஜெயித்தால் நான் போவேன், இல்லையென்றால் நஜ்முதீன்.

உச்சிமாகாளி என்னிடம் ஒருநாளும் தப்பியதில்லை. ஆரம்பத்திலேயே மந்திரியை வெளியே இழுத்து ஊர் சுற்றவிடுவான்.

9-8-53
சமம்.

10-8-53
நேற்று எழுத மனமில்லை.

அவனிடம் மிஞ்சியது ராசாவும், நகரமுடியாமல் முட்டி நின்ற ஒரு சிப்பாயும். அவசரமாக மந்திரியை வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன் — ராசாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை.

நம்மூர் ஆட்டத்தில் இப்படி அடைக்கக்கூடாது. அடைத்தவர் காயை மாற்றி வைப்பார், ஆட்டம் தொடரும். சின்ன வயதிலிருந்து அப்படியே ஆடிய கை. அந்த இடத்தில் பயப்படத் தெரியவில்லை. இங்கிலீஷ் சட்டத்தில் அது சமம்.

உச்சிமாகாளிக்கு அந்தச் சட்டம் நினைவே இல்லை. "அண்ணாச்சி, அடைச்சுட்டிய. மாத்தி வையுங்க" என்று தலையைச் சொறிந்தான். கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நஜ்முதீன் எழுந்து வெளியே போனார் — நான் காயைத் திருப்பி எடுப்பதைப் பார்க்கவேண்டாம் என்றா?

"சமம்ல" என்றேன்.

"யாருக்கு அண்ணாச்சி?" என்கிறான் மடையன்.

மாத்தி வச்சிருந்தா என்ன, யாரு கேட்டிருக்கப் போறா? பெரிய சட்டம்.

13-8-53
நஜ்முதீன் என்னைத் தேடிப் பத்திரப் பதிவு ஆபீசுக்கே வந்தார். "நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி. எனக்குக் கடையில சோலி கெடக்கு."

"முதல்ல வந்தவருதான் போகணும்" என்றேன். இன்னொரு தடவை கேட்பார் என்று பார்த்தேன். சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

22-8-53
காலை பஸ்ஸில் நஜ்முதீன் போயிருப்பார்.

திருநெல்வேலிக்கென்று வீட்டுக்காரி சுந்தரம்மாள் எனக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்த சட்டை. எடுத்து ஆபீசுக்குப் போட்டுக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டு டிபன் தூக்கை நீட்டினாள்.

"என்ன சார், வெளியூரா?" என்றான் பியூன்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நேற்றைய பத்திரக் கட்டை எடுத்துவரச் சொன்னேன்.