கோடு காலோடு வந்தது

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் மகனும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறான். மற்றதைக் கீழே எழுதுகிறேன். உன் முட்டிவலி குறைந்ததா, மாப்பிள்ளைக்கு வேலை நேரம் மாற்றிக் கொடுத்தார்களா என்று ஒரு வரி போடு.

எங்கள் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி இந்த வருடம் தூள் கிளப்புகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். தூள் கிளம்பியது நிஜம். அரங்கத்தை நான் இரண்டு நாள் பெருக்காமல் விட்டதால் கிளம்பியது. ஒன்பது ஆட்டம், ஒன்பதிலும் தோல்வி. உன் மகன் முதல் ஐந்து பேரில் ஒருவன் என்று எழுதியதும் கொஞ்சம் முன்னே பின்னே. ஒன்பது ஆட்டத்திலும் அவன் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினான். உயரத்துக்காகக் 'கொக்கு' என்று பேர் வைத்தார்களே ஒழிய, மீன் பிடிக்க ஒருநாளும் விடவில்லை.

இந்த அணியைப் பற்றிப் பேனா எடுத்தாலே எனக்கு வாய் கசக்கிறது. கோச்சுக்குப் பட்டப்பேர் விசில். சாப்பிடும்போதுகூட அது வாயில்தான். பாதிப் பருவம் அந்த ஆளுக்கு எதிரணியின் பேரே தெரியாது. கேப்டன் ஒருத்தன், காலுறைக்குள் சீப்பு வைத்திருப்பான். பந்தைக் கையில் கொடுத்து, தனியாக நின்று எறி என்றால், முதலில் தலை வாருவான். உடை மாற்றும் அறையின் நாற்றத்தை எழுதினால் நீ அங்கே சோறு சாப்பிட மாட்டாய். பெஞ்சுக்கு அடியில் அவர்கள் ஒட்டிய சூயிங்கத்தை நான் சுரண்டி எடுத்தால் ஒரு பந்து செய்யலாம், அதையும் இவர்கள் கூடைக்குள் போடமாட்டார்கள்.

சரி, கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். இதிலும் தோற்றால் அடுத்த வருடம் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். மூவாயிரம் பேர் திரண்டிருந்தார்கள். முந்நூறு என்று வைத்துக்கொள். நாற்பது பேர் உறுதி.

என் வேலை உனக்குத் தெரியும். தரை துடைப்பது, சாவி வைத்திருப்பது, ஆட்ட நேரத்தில் எண் பலகையின் பட்டனை அமுக்குவது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனை நம்பி இவ்வளவு பெரிய மின்சாரப் பலகையைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா! முறைப்படி பக்கத்தில் இருக்கும் ஆய்வக உதவியாளர் தாளில் எழுத வேண்டும், அதைப் பார்த்து நான் அமுக்க வேண்டும். எங்கள் மேசையில் தலைகீழ். நான் அமுக்குவேன், அவர் பலகையை அண்ணாந்து பார்த்து எழுதுவார். "அண்ணே, உங்க விரல் பொய் சொல்லாது" என்பார். பதினோரு வருடமாக அந்தப் பேச்சில் நான் குளிர்ந்துபோயிருந்தேன்.

அன்று காலை, மூன்று புள்ளிக் கோடு ஒரு மூலையில் தேய்ந்திருந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று, கோட்டை மிதித்தாலே இரண்டு. பெயின்ட் அடிக்கச் சோம்பல்பட்டு வெள்ளை டேப்பை ஒட்டிவிட்டேன். யானை இழுத்தாலும் வராது என்று விசிலிடம் அளந்தும் விட்டேன்.

கடைசி நிமிடத்தில் கேப்டன் ஐந்தாவது தப்பும் செய்து வெளியேற, வேறு ஆள் இல்லாமல் கொக்கை இறக்கினார்கள். நாம் ஐம்பத்தெட்டு, அவர்கள் அறுபது. மூலையிலிருந்து நம் பிள்ளை எம்பி எறிந்தான் பார், பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போனது. மணியும் அடித்தது. நடுவர் முன்னால் இரண்டு பேர் விழுந்து கிடந்ததால் அவருக்கு அவன் கால் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கால் கோட்டின் மேல் இருந்தது. என் விரல் மூன்றை அமுக்கியது.

அறுபத்தொன்று. ஆய்வக உதவியாளர் அண்ணாந்து பார்த்து எழுதிவிட்டார். நடுவர் வந்து தாளைப் பார்த்தார், பிறகு என்னைக் கேட்டார். "மூணுதாங்க, என் கண்ணால பாத்தேன்" என்றேன். எல்லாரும் குதிக்கிறார்கள், விசில் என்னைக் கட்டிப்பிடிக்கிறான். அந்த நேரத்தில் உன் மகன் நடந்து வந்தான். "சார், அது ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டினான். ஷூவின் நுனியில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை டேப் தொங்கியது. யானை இழுத்தாலும் வராத கோடு அவன் காலோடு வந்துவிட்டது.

பிறகு அறுபதுக்கு அறுபது, கூடுதல் நேரம், ஒன்பது புள்ளியில் தோல்வி.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். அவன் ஷூவைக் கழிப்பறையில் போட்டார்கள். "அரிச்சந்திரன் பேரன் வர்றாரு, வழி விடுங்கடா" என்று கேப்டன் தினமும் வாசலில் நின்று கத்துகிறான். விசில் முடிவை எதிர்த்து மனு கொடுக்கப் போகிறானாம். 'பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன், டேப் பந்தை எறிந்த பிறகுதான் ஷூவில் ஒட்டியது' என்று கொக்கு எழுதித் தர வேண்டுமாம். அவன் மாட்டேன் என்றுவிட்டான். இப்போது, மகன் சொன்னது தப்பு என்று பெற்றோர் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், இல்லையென்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த படிப்பு இடமே போய்விடும் என்கிறான் விசில். என்னிடம், "நீங்க மூணுன்னு சொன்னதுலயே நில்லுங்க, உங்க வேலையை நிரந்தரமாக்கிடறேன்" என்றான். பல்லிடுக்கில் விசிலோடு சொன்னான். அந்த எச்சில் என் சட்டையில் தெறித்தது. துவைத்தும் போனமாதிரி இல்லை.

அந்த மன்னிப்புக் கடிதத்தை அவனே எழுதி, கையெழுத்துக்காக உனக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்தான். இதோடு தேடாதே, வைக்கவில்லை. அவன் தொலைபேசியில் கூப்பிட்டு எவ்வளவு இனிக்கப் பேசினாலும் எதிலும் கையெழுத்துப் போடாதே.

நாளைக் காலை பத்து மணிக்கு முதல்வரைப் பார்க்கப் போகிறேன். கால் கோட்டில் இருந்ததைப் பார்த்தேன், தெரிந்தே மூன்றை அமுக்கினேன், நடுவரிடம் பொய் சொன்னேன் என்று சொல்லப் போகிறேன். சாவிக்கொத்தை அப்போதே வாங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். வாங்கட்டும். நான் சொன்னால் விசிலின் மனுவுக்குக் காலே இருக்காது, பிள்ளையின் இடத்திலும் கைவைக்க முடியாது.

இன்னொன்று. உன் மகன் இதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே அமுக்கினேன் என்பது அவனுக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தூரத்திலிருந்து சரியாகத் தெரிந்திருக்காது என்றே சொல்லி வருகிறான். வீட்டில் நான் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறான். முன்பெல்லாம் "போய்ட்டு வரேன் மாமா" என்பான். இப்போது "போய்ட்டு வரேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான்.

தங்கச்சி, சின்ன வயதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நீ எடுத்துக்கொள்வாய். மாப்பிள்ளைக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறாய் என்று தெரியும். மேலே அந்த மூவாயிரம் பேரை எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள். அதற்குப் பிறகு எழுதியதில் எதையும் கழிக்காதே. அவனிடம் பேசும்போது, மாமா எழுதியது முழுவதும் சரிதான் என்று ஒரு தடவை சொல்லு. நான் சொன்னால் நம்பமாட்டான்.

உன் அண்ணன்