கூட இருந்தவர் கையெழுத்து

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், இடது முழங்கையில் மட்டும் தோல் உரிந்திருக்கிறது, அது எப்படி என்று கீழே சொல்கிறேன், அதற்குள் பதறாதே. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகம் என்று உன் கையால் ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ நடுநடுவே சிரிப்பாய், நான் கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். கடிதம் என்றால் உன் வாயை அடைத்துவிட்டு நிதானமாகப் பேசலாம். தவிர இந்தக் கடிதத்துக்கு இன்னொரு வேலையும் வைத்திருக்கிறேன், அது கடைசியில்.

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். பிரசவத்துக்கு நான் வருகிறேன் என்று சொன்னதற்கு நீ என்ன பதில் சொன்னாய்? வந்தால் அம்மாவும் அத்தையும் சேர்ந்து வாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேருமே வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றாய். பெற்றவளுக்கே நிபந்தனை. நான் அன்றைக்கு முழுக்கத் தைத்த திரைச்சீலை ஒன்றும் நேராக வரவில்லை. சரி, இரண்டு நாள் போனால் மனசு மாறுவாய் என்று பார்த்தால், ஒன்றும் அறியாதவள் மாதிரி பிறந்தநாள் பரிசு என்று சொல்லி, துப்பாக்கி கிளப்பில் புதியவர்களுக்கான பயிற்சிக்கு என் பெயரைப் பதிந்து அனுப்புகிறாய். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ குப்புறப் படுத்துக் கிடந்த அதே மைதானம். உன்னை அங்கே கொண்டுபோய் விட்டது, காத்திருந்தது, கூட்டிவந்தது எல்லாம் உன் அப்பாதான், நான் ஒருநாளும் உள்ளே வந்து பார்த்ததில்லை. என் மகள் அங்கே அப்படி என்னதான் செய்தாள் என்று ஐம்பத்தேழு வயதிலாவது பார்த்துவிடுவோம் என்று கிளம்பிப் போனேன். போனால் பதிவு மேசையில் எனக்கு முன்னால் நிற்பது உன் அப்பாவின் அருமைத் தங்கை, உன் அத்தை. அவளுக்கும் நீதான் பரிசு அனுப்பியிருக்கிறாய். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேரும் மனசுக்குள் உன்னைத்தான் பார்த்தோம். திரும்பிப் போயிருப்பேன். ஆனால் நான் முதலில் போனால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே, அவள் போகட்டும் என்று நின்றேன். அவளும் அதையே நினைத்திருக்கிறாள். இப்படித்தான் வீம்பில் இரண்டு பேரும் பயிற்சியில் சேர்ந்தோம்.

நாலு வருஷமாக ஒரே கட்டடத்தில் நான் நாலாவது மாடி, அவள் ஆறாவது மாடி. அவள் லிஃப்டில் இருந்தால் நான் படியேறுவேன், நான் இருந்தால் அவள் ஏறுவாள். என் முழங்கால் தேய்ந்ததில் பாதி அவளால்தான். எதனால் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒருமுறை எழுத்தில் வைக்கிறேன், இதுவரை வைத்ததில்லை. அப்பாவுக்கு இன்னொரு அறுவை செய்து பார்க்கலாம் என்று டாக்டர்கள் சொன்னபோது, அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, போதும், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போ என்றார். நீ விமானத்தில் வந்துகொண்டிருந்தாய், அத்தை மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அவர் கேட்டதைத்தான் செய்தேன். மருத்துவமனை வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்: “எங்க அண்ணனைச் சாகடிக்கத்தான் வீட்டுக்குக் கொண்டுபோறீங்க.” அதற்குப் பிறகு அவர் கேட்டது இதுதான் என்று நான் யாரிடம் சொல்வது, சொன்னால் யார் நம்புவது. சாட்சி இல்லாத பேச்சு. வாயை மூடிக்கொண்டேன், அவளும் மூடிக்கொண்டாள், நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் நீ. சின்ன வயதில் உனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள், நான் பின்னினால் கோணல் என்று அழுவாய். அதனால் நீ போட்ட நிபந்தனையின் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை.

சரி, கிளப் கதைக்கு வருகிறேன். அங்கே எல்லாவற்றையும் பரிசோதிக்கிற பெரியவரை நீயும் தராசு என்றுதான் சொல்வாய், பெயர் பொருத்தம்தான், மனிதர் கண்ணாலேயே எடை போடுகிறார். நம் பிரிவில் துப்பாக்கி மேல் தொலைநோக்கி வைக்கக் கூடாது, பின்னால் ஒரு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான் கண்ணுக்கு உதவி. குழலுக்கு அடியில் முட்டுக் கொடுக்கக் கூடாது, கையில் சுற்றிக்கொள்ள ஒரு வார் மட்டும். விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் அது தாங்க வேண்டும், லேசாகத் தொட்டதும் வெடிக்கிற விசை ஆகாது. துப்பாக்கி கிளப்புடையது, அதனால் அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை கோட்டில் வந்தது. அலமாரியில் கிடந்த உன் பழைய கோட்டைத்தான் பிரித்துப் பெரிதாக்கினேன். வெடிக்கும்போது தோளில் உதைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேனா, சோபாவுக்கு வாங்கிய ஸ்பாஞ்சில் நல்லதாக ஒரு துண்டு வெட்டி தோளுக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். முப்பது வருஷத் தையல்காரி, வெளியே ஒரு நூல் தெரியாது. தராசு ஒரு இடுக்கி மாதிரி கருவியால் தோளைக் கவ்விப் பார்த்துவிட்டு, அம்மா, இது கோட்டா மெத்தையா என்றார். தடிமனுக்கு அளவு உண்டாம், இவ்வளவு திணித்தால் கோட்டே துப்பாக்கியைத் தாங்கிக்கொள்ளும், ஆளுக்கு வேலை இருக்காதாம். பிரித்து எடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்றார். பின்னால் வரிசை நீள்கிறது, பிரிக்க என்னிடம் ஒரு ஊசி கூட இல்லை, முகம் எரிகிறது. அப்போது மேசையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வந்து விழுந்தது. உன் அத்தை தன் மருந்துக்கடையில் மாத்திரை அட்டை வெட்டுகிற கத்தரிக்கோல், அவள் கைப்பையில் எப்போதும் இருக்குமே, அதுதான். அவள் சுவரில் எதையோ படிப்பது போல நின்றுகொண்டிருந்தாள். நானும் நன்றி சொல்லவில்லை, பிரித்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைத்தேன். அந்த ஸ்பாஞ்சில் இப்போது பாத்திரம் தேய்க்கிறேன்.

பயிற்சி வாரங்களைப் பற்றி உனக்கு எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. படுப்பது, மூச்சை விடுவது, பாதி விட்டு நிறுத்துவது, கொடி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்ப்பது. காயப்போட்ட துணி பறக்கிறதைப் பார்த்தே வாழ்ந்தவளுக்குக் காற்றா தெரியாது என்று நினைத்தேன், கொஞ்சமும் தெரியவில்லை, என் குண்டெல்லாம் வலது பக்கமே போய் உட்கார்ந்தது. முழங்கை உரிந்தது கரடுமுரடான பாயில் கிடந்ததால்தான். பல் டாக்டர் ஒருவர் என் பக்கத்து இடத்தில் சுடுகிறார், அவர்தான் தன் பாயைக் கொடுத்து உதவினார், அவருக்கு என் நன்றி. தராசு சொன்னது ஒன்று மட்டும் மனசில் நின்றது. ஒருவர் சுடும்போது கூட இருப்பவர் ஒவ்வொரு குண்டின் மதிப்பெண்ணையும் சத்தமாகச் சொல்லிச் சீட்டில் எழுத வேண்டும், கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும், கூட இருந்தவர் கையெழுத்து இல்லாத சீட்டு செல்லாது. கண்ணால் பார்த்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடு, பாராததற்குப் போடாதே என்பார்.

பயிற்சி முடிந்ததும் புதியவர்களுக்கு ஒரு சின்னப் போட்டி. யார் யாருக்குக் கூட இருக்க வேண்டும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். குலுக்கினார்களா, அல்லது நீயும் தராசும் கடல் கடந்து பேசிவைத்துக் குலுக்குவது போல ஆட்டினீர்களா, அதை நீ குட்டி மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். ஏழாம் இலக்கில் நானும் உன் அத்தையும். முதலில் அவள் சுட்டாள், நான் எழுத வேண்டும். தொலைவில் பள்ளத்தில் இருப்பவர்கள் பலகையைக் கீழே இறக்கி, குண்டு பட்ட ஓட்டையில் சிவப்பு வட்டம் வைத்து மேலே ஏற்றினார்கள், சரியாக நடுவில். நாலு வருஷத்துக்குப் பிறகு அவளைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை, ஐந்து. நன்றாகச் சுட்டாள் பாப்பா, எழுதும்போதே வயிறு எரிந்தது. பிறகு நான் படுத்தேன், அவள் முக்காலித் தொலைநோக்கியில் கண் வைத்து நாலு, ஐந்து, மூன்று என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மருந்துக்கடையில் சில்லறை எண்ணிக் கொடுக்கிற குரல், ஒரு சொல் கூடுதல் இல்லை.

நடுவில் கால் மரத்துப்போய் கொஞ்சம் புரண்டு சரியாகப் படுத்தேன். அடுத்த குண்டு விட்டபோதே கைக்குத் தெரிந்தது, அது நடுவில்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் பலகை அசையவில்லை. பலகை இறங்காவிட்டால் குண்டு படவில்லை என்று அர்த்தம். எனக்கு வந்ததே கோபம். கீழே பலகை இறக்குகிறவர்கள் தூங்குகிறார்கள், எழுப்புங்கள் என்று மைதானமே கேட்கச் சத்தம் போட்டேன். தராசு ஓடிவந்தார். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் பல் டாக்டர், நான் இன்னும் சுடவே இல்லையே, என் பலகை ஏன் இறங்கி ஏறுகிறது, அதுவும் சரியாக நடுவில் என்று தலையைச் சொறிகிறார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. உன் அத்தை தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். என் பக்கம் குனிந்தாள். “அண்ணி, அது உங்க குண்டுதான். நடுவுலதான் விழுந்திருக்கு. ஆனா நம்ம பலகையில இல்ல, டாக்டர் பலகையில.”

பாப்பா, அந்தக் குண்டுக்கு எனக்குப் பூஜ்யம். அவளே என் முன்னால் பூஜ்யம் என்று சத்தமாகச் சொல்லி எழுதினாள், பாவம் பார்க்கவில்லை. ஆனால் என் காதில் பூஜ்யம் விழவே இல்லை, அண்ணி என்றாளே, அது மட்டும்தான் விழுந்தது. துப்பாக்கியைக் கீழே வைக்காமல் சிரிக்கக் கூடாது என்று விதியாம், அதனால் வைத்துவிட்டுச் சிரித்தேன், முதலில் நான், பிறகு அவள், கடைசியில் தராசும் டாக்டரும். கண்ணில் தண்ணீர் வந்து வளையம் தெரியாமல், மீதிக் குண்டுகள் என்ன லட்சணத்தில் போயிருக்கும் என்று நீயே ஊகித்துக்கொள். அப்படியும் மொத்தம் நாற்பத்தொன்று எடுத்தேன். அவள் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல், எவ்வளவு என்று நான் எழுத மாட்டேன்.

சுட்டு முடித்துக் குழல் துடைக்கும்போது, எண்ணெய்த் துணியின் ஒரு நுனி அவள் கையில், மறு நுனி என் கையில். அவள் துணியைப் பார்த்துக்கொண்டே, “ஆஸ்பத்திரி வாசல்ல நான் சொன்னதை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. நானும் மறக்கல,” என்றாள். மறக்கவில்லைதான், துணியை இழுத்துப் பிடி என்றேன். வீட்டுக்கு ஒன்றாக வந்தோம், லிஃப்டில் இரண்டு பேரும் ஏறினோம், நாலாவது மாடியில் நான் இறங்கும்போது கதவு மூடிவிடாமல் அவள் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றாள்.

பெற்ற பிள்ளைக்கு நன்றி என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நன்றி பாப்பா. எங்களைச் சமாதானமாகப் போங்கள் என்று நீ ஒருநாளும் புத்தி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இன்னும் முறுக்கிக்கொண்டிருப்போம். இரண்டு கிழவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப்போட்டு, ஒருத்தியை மற்றவள் எண்ணும்படி செய்தாய். இவ்வளவு தந்திரம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் பக்கத்திலிருந்து வந்ததில்லை. உன்னைப் பெற்றதற்கு நான் கொடுத்துவைத்தவள். அப்பா இருந்திருந்தால் இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பார், அதை நினைத்துத்தான் நேற்று கொஞ்சம் அழுதேன், அது நல்ல அழுகைதான், நீ கவலைப்படாதே.

இனி அந்த இன்னொரு வேலை. உன் நிபந்தனையைப் பற்றி நான் அவளிடம் இன்னும் கேட்கவில்லை. லிஃப்டில் கேட்கலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன், நாலாவது மாடி வந்துவிட்டது. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் ஆறாவது மாடிக்கு எடுத்துப்போய் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். அப்பா என்னிடம் கேட்டது உட்பட எல்லாம் இதில் இருக்கிறது. படிக்கட்டும். தப்பு என்று பட்டதை அடிக்கட்டும். சரி என்று பட்டால் கையெழுத்துப் போடட்டும், போடாவிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அப்படியே உனக்கு அனுப்பிவிடுகிறேன், நீ புரிந்துகொள்வாய்.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். குட்டி பிறக்கும்வரை துப்பாக்கிப் பக்கம் போகாதே, சத்தம் அதற்கு ஆகாது. நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் நிறைவாக இருக்க வேண்டும், என் ஆயுளில் மிச்சம் இருப்பதும் உனக்கே சேரட்டும்.

உன் அம்மா

பாப்பா, முழுவதும் படித்தேன். உன் அம்மா எடுத்தது நாற்பத்தொன்று இல்லை, முப்பத்தொன்பது, சீட்டு என்னிடம் இருக்கிறது. விமானத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து எடு, ஜன்னல் ஓரம் எனக்கு. அண்ணன் மருத்துவமனையில் சொன்னதை நான் கேட்கவில்லை, அப்போது நான் அறையில் இல்லை. ஆனாலும் அதையும் சேர்த்துத்தான் இங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அத்தை