எட்டுப் புதுக் கவர்கள்

மார்ச் 3, ஞாயிறு

அக்கா இன்றைக்கும் என் மேஜையைச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறாள். யார் கேட்டது? எது டெக்கில் சேர வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்று காலையெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு தனித்தனியாகப் பரப்பி வைத்திருந்த சீட்டுகள். கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் எல்லாம் ஒரே அடுக்காக, ஓரம் தட்டி, ரப்பர் பேண்டு போட்டு உட்கார்ந்திருக்கின்றன.

"குப்பை மாதிரி கெடந்துச்சுடி, அதான்" என்கிறாள்.

ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அங்கே கத்தரியும் கிடுக்கியும் அடுக்குகிற கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. என் அலமாரி, என் பை, என் சீப்பு, எதையும் விடமாட்டாள். ஏதாவது சொன்னால் அம்மா உடனே கரண்டியோடு வந்து நிற்பாள். "அவ நல்லதுக்குத்தானே செஞ்சா?"

அடுத்த ஞாயிறு மண்டலப் போட்டி. இந்த விளையாட்டில் பாதி ஆட்டம் மேஜையில் உட்காருவதற்கு முன்பே முடிந்துவிடும். அவரவர் சேர்த்து வைத்திருக்கும் சீட்டுகளிலிருந்து அறுபதைப் பொறுக்கி, அவரவர் டெக்கை அவரவரே கட்ட வேண்டும். நான் போன மழைக்காலத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் நான்கு பேருக்கு தேசியப் போட்டியில் இடம். போன வருஷம் நான் ஐந்தாவது. அதற்குக் கடைசியாகவே வந்து தொலைத்திருக்கலாம், இவ்வளவு வலித்திருக்காது.

மார்ச் 6, புதன்

லிஃப்ட் கம்பெனியில் புகார் எடுக்கும் வேலைக்கு என்னைப் போன்ற ஒருத்தியை எவன் தேர்ந்தெடுத்தானோ. இன்றைக்கு ஒரு ஆள் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு என்னைப் பரம்பரை பரம்பரையாகத் திட்டினார். "புரியுது சார், ஆள் கிளம்பிட்டாங்க சார்" என்று தேன் ஒழுகப் பேசினேன். பல் வலிக்கிறது. நாள் முழுக்கக் கடித்துக்கொண்டே இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்.

சீட்டுக் கடையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் மிளகாய். தையல்கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறையில்தான் நாங்கள் எல்லாரும் விளையாடுவோம். அக்காவுக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு: சிஸ்டர். அவள் தோற்றாலும் எதிராளிக்குக் கை கொடுத்து, "நல்லா ஆடினீங்க" என்பாள். எல்லாரும் உருகிப் போவார்கள். அவளை அந்தக் கடைக்கு முதலில் இழுத்துக்கொண்டு போனதே நான்தான். கட்டியவனை விட்டுவிட்டு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவளை, "வா, சும்மா பாரு" என்று கூட்டிக்கொண்டு போனேன். ஒரே வருஷத்தில் மண்டலப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டாள். பெருமையாகத்தான் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லமாட்டேன், தலைக்கு மேல் ஏறிவிடுவாள்.

மார்ச் 9, சனி

டெக் தயார். இனி ஒரு சீட்டு மாற்றமாட்டேன். மாற்றினால் என் கையை நானே உடைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 10, ஞாயிறு

எழுத முடியவில்லை. நாளைக்கு.

மார்ச் 11, திங்கள்

லீவு சொல்லிவிட்டேன். இன்றைக்குப் போனால் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை அங்கேயே கிடங்கள் என்று சொல்லிவிடுவேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். எழுதினால்தான் நெஞ்சு ஆறும்.

கடைசிச் சுற்று வரைக்கும் நான் ஒரு சுற்றுகூடத் தோற்கவில்லை. கடைசிச் சுற்றில் ஜெயித்தால் இடம் உறுதி. அக்கா ஒன்று தோற்றிருந்தாள். அவளும் ஜெயித்தால் அவளுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. அந்தச் சுற்று தொடங்குவதற்கு முன் முகம் கழுவப் போனேன். பையை அக்காவிடம் கொடுத்தேன். பையைத்தான் கொடுத்தேன். டெக்கில் கை வை என்று கொடுக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன், அவசர அவசரமாகக் கலைத்தேன். எதிரே தாடி என்று நாங்கள் கூப்பிடுகிறவன், எங்கள் கடையில் ஆடுகிறவன்தான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நடுவர் வந்து இரண்டு பேர் டெக்கையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார். வழக்கமாகச் செய்வதுதான், ஏதாவது ஒரு மேஜையில் செய்வார்கள். நடுவர் வாரநாட்களில் பல் டாக்டர், வெடுக்கென்று பேசமாட்டார். திரும்பி வந்தவர் என் டெக்கை முதுகுப்பக்கம் தெரிகிற மாதிரி மேஜையில் விரித்தார். விரலால் தடவி ஒன்றொன்றாக எட்டுச் சீட்டை வெளியே இழுத்தார். பிறகு திருப்பினார். நான்கு சுரங்கக்காரன், நான்கு நெருப்புவாயில். என் டெக்கின் உயிரே அந்த எட்டுதான்.

"கண்ணை மூடிக்கிட்டே எடுக்க முடியுதும்மா" என்றார்.

சீட்டு அழுக்காகாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டிருப்போம். எல்லாம் கறுப்புக் கவர்தான், ஒரே கம்பெனிதான். ஆனால் அந்த எட்டுக்கும் மட்டும் கவர் புதுசு. பளபளவென்று, விறைப்பாக. மற்ற ஐம்பத்திரண்டும் பல மாதம் கையில் புரண்டு தொய்ந்தவை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த எட்டையும்தான் நான் ஓயாமல் எடுத்து எடுத்து வைத்துப் பழகியிருந்தேன். அதனால் அந்தக் கவர்கள்தான் ஓரம் கிழிந்திருந்தன. கிழிந்ததைப் பார்த்தால் அக்காவுக்குத் தாங்காது. மாற்றிவிட்டாள்!

கவர் மாற்றினால் அறுபதையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒன்றையும் தொடக்கூடாது. இது எங்கள் விளையாட்டில் எல்.கே.ஜி. பாடம். புதுக்கவர் எது என்று தெரிந்தால் அடுத்து வரப்போகும் சீட்டு என்ன என்று தெரிந்துவிடும். அதாவது அடையாளம் வைத்த டெக். அதாவது திருட்டு.

"உங்க டெக்கை வேற யாராவது தொட்டாங்களா?" என்று கேட்டார் நடுவர்.

அடுத்த மேஜையில்தான் அக்கா. கையெட்டும் தூரம். அவளுக்குக் காது கேட்கும், நடுவர் குரல் அந்த வரிசைக்கே கேட்டது. நான் அவளைப் பார்த்தேன். சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் தன் கையிலிருந்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

விதி இதுதான்: அடுத்தவர் டெக்கை மாற்றியவர் போட்டியை விட்டே வெளியே போக வேண்டும். மாற்றப்பட்டவருக்கு ஒரு ஆட்டம் மட்டும்தான் போகும்; ஒரு சுற்றில் மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் போதும் என்பதால் நான் மீண்டு வந்திருக்கலாம். அவள் வாயைத் திறந்திருந்தால் எனக்குப் போவது ஒரு ஆட்டம். அவளுக்குப் போவது எல்லாம்.

"இல்ல" என்றேன்.

ஏன் சொன்னேன்? இதைத்தான் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா? இல்லை. அவளே சொல்லட்டும் என்றுதான். அவள் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை.

அதற்குப் பிறகு நான் கத்தினேன். நடுவரைப் பார்த்து, "என்னைத் திருடின்னு சொல்றீங்களா?" என்று. நாற்காலி விழுந்தது. தள்ளவில்லை, எழுந்த வேகத்தில் விழுந்தது. கத்துகிறவள்தான் குற்றவாளி என்று அந்த மண்டபமே முடிவு கட்டிவிட்டது. தகுதி நீக்கம், ஆறு மாதம் தடை.

அக்கா தன் ஆட்டத்தில் ஜெயித்தாள். நான்காவது இடம்.

மார்ச் 12, செவ்வாய்

எழுத மறந்தது. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னது: "சொல்லணும்னுதான் நெனச்சேன். சொன்னா ரெண்டு பேருமே வெளிய போயிடுவோமோன்னு... ஒருத்தராவது தேசியப் போட்டிக்குப் போகட்டுமேன்னு..."

ஒருத்தராவதாம்! என்ன கணக்குடி இது? யாரோட இடத்துல யாரு போறது?

அதற்கு மேல் அவளிடம் பேச்சு இல்லை. இனிமேலும் இல்லை.

மார்ச் 15, வெள்ளி

"அம்மா, பாத்ரூம்ல இருக்கறவங்களை சீக்கிரம் வரச் சொல்லு. எனக்கு ஆபீஸ் இருக்கு."

"அம்மா, வந்துட்டேன்னு சொல்லு."

அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவ அந்த வீட்டை விட்டு வந்ததுலேர்ந்து இது ஒண்ணுதான் அவளுக்குக் கெடச்சுருக்கு. நீ சின்னவ. விட்டுக்குடேன்."

நான் விட்டுக்கொடுத்தேனா? என்னிடம் கேட்டா எடுத்தாள்? விட்டுக்கொடுக்கிறது என்றால் கையில் இருப்பதைக் கொடுப்பது. இது என் கையிலிருந்து பிடுங்கினது. பேரையும் சேர்த்து. அம்மாவிடம் இதைக் கத்தித்தான் சொன்னேன். சின்னவளாகப் பிறந்தது என் தப்பா?

மார்ச் 24, ஞாயிறு

கடைப் பக்கம் போகவில்லை. தையல்கடை அம்மா தெருவில் பார்த்து, "ஏம்மா வர்றதில்ல, சண்டையா?" என்றாள். தடை என்று சொன்னால் புரியாது, புரிந்தால் அதைவிட மோசம். வேலை ஜாஸ்தி என்றேன்.

அக்கா தனியாகவே பயிற்சி செய்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கும் அவளே ஆடிக்கொள்கிறாள். சுரங்கக்காரன் போன்ற ஒரு சீட்டுக்கு எதிராக அவள் ஆடுவது படுமோசம். என்னிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் சரிபண்ணிவிடலாம். கேட்கட்டும். கேட்டாலும் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தேசியப் போட்டி. முதல் நாளே வெளியே வந்துவிட்டாளாம். அம்மா போனில் அவளோடு பேசிக்கொண்டே அழுகிறாள்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

கடைக்காரர் ஆபீஸுக்கே போன் பண்ணினார். என் தடையை நீக்கிவிட்டார்களாம். அக்கா போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம்: கவரை மாற்றியது நான், தங்கைக்கு எதுவும் தெரியாது என்று. அவளுக்கு ஒரு வருஷம் தடை.

இப்பவா? போய் ஆடிப் பார்த்து, தோற்று, பெட்டியைப் பிரித்துத் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்ட பிறகா? நான் கேட்டது ஒரு நிமிஷப் பேச்சு. அன்றைக்கு, அந்த மேஜையில்.

இதில் கொடுமை வேறு. கடைக்காரர் குரல் தழுதழுக்கச் சொல்கிறார்: "சிஸ்டர் மாதிரி ஒரு அக்கா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்மா. உனக்காகப் பழியைத் தன் தலைல தூக்கிப் போட்டுக்கிட்டாங்க பாரு."

போனை டொக்கென்று வைத்தேன். அவள் உண்மையைச் சொன்னாலும் அது தியாகம். நான் திருடவில்லை என்று கத்தினாலும் அது திருட்டு. கடையில் எல்லாரும் இதைத்தான் நம்புகிறார்களாம். அவள் இன்னும் பெரிய மகான். நான் இன்னும் திருடி. இப்போது அக்காவை மாட்டிவிட்ட திருடி! பக்கத்து நாற்காலிக்காரி பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அடுத்த அழைப்பு வந்தது. "வணக்கம் சார், எந்த மாடில இருக்கீங்க சார்?"

ஏப்ரல் 12, வெள்ளி

கடையில் சொல்கிற கதையை அம்மா மூலமாக அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் முகம் எப்படிப் போனது என்று அம்மா சொல்ல வந்தாள். வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

போனேன். நான் ஏன் ஒளிந்துகொண்டு இருக்க வேண்டும்?

மாடிப்படி ஏறும்போதே உள்ளே சத்தம் அடங்கியது. கடைக்காரர் ஓடி வந்து அளவுக்கு மீறிச் சிரித்தார். எனக்கு எதிரே தாடியைப் போட்டார்கள். கலைத்து முடித்து டெக்கை அவன் பக்கம் வைத்தேன், ஒரு வெட்டு வெட்டுவதற்கு. அவன் வெட்டவில்லை. முதுகுப்பக்கம் மேலாக விரித்து, ஒன்றொன்றாகக் கவரைத் தடவிப் பார்த்தான். ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி வேறு பார்த்தான்.

"சும்மா, ஒரு பழக்கம்தான்" என்றான்.

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு! கத்தினால் மறுபடியும் அதேதான் என்று தெரிந்து, உட்கார்ந்திருந்தேன்.

"கீழ வைங்க அதை."

அக்கா. அம்மா சொல்லித் தெரிந்திருக்கும், தியேட்டர் டூட்டியை முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறாள். ஆடத் தடை, பார்க்கத் தடையில்லை. வாசலிலிருந்தே பேசினாள், நின்ற இடத்திலேயே.

"நான் பழியெல்லாம் ஏத்துக்கல. நான் பண்ணினதைத்தான் எழுதிக் குடுத்தேன். கவரை மாத்தினது நான். ஜட்ஜ் கேட்டப்போ பக்கத்துல உக்காந்துட்டு வாயை மூடிட்டிருந்தவளும் நான்தான். அந்த இடம் போயிடுமேன்னு. அவ என்னைப் பாத்தா, நான் பாக்கல. இதுல என்ன தியாகம் இருக்கு? சொல்லுங்க, என்ன இருக்கு? இனிமே யாராவது என்னை நல்லவன்னு சொன்னீங்கன்னா..." தாடி பக்கம் திரும்பினாள். "அவ டெக்கை வைங்க கீழ."

கடைக்காரர் கல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடி அறுபதையும் சேர்த்து, ஓரம் தட்டி வைத்தான். "சாரி" என்றான், மேஜையைப் பார்த்து.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டை எடுத்தேன். இரண்டு ஆட்டமும் தோற்றேன், கேவலமாக.

திரும்பும்போது ஒரே பஸ். அவள் எனக்கு முன்சீட்டில். பாலம் தாண்டியதும் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "ரெண்டாவது ஆட்டத்துல நெருப்புவாயிலை அவ்வளவு நேரம் கைல வச்சிருக்கக் கூடாது."

என்ன திமிர்! ஒரு வருஷம் ஆடினவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். "நீ பேசாத. நீ மொதல்ல சுரங்கக்காரனுக்கு எதிரா ஒழுங்கா ஆடக் கத்துக்கோ. கட்டில்ல உக்காந்து ஆடினியே, பாத்தேன். கண்றாவி" என்றேன். "பாத்தல்ல, வந்து சொல்ல வேண்டியதுதானே?" என்றாள். "எதுக்குச் சொல்லணும்? நீ சொன்னியா அன்னைக்கு?" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் மெதுவாம்மா, மெதுவாம்மா என்றார். இறங்கும் வரைக்கும் கத்தினோம். இறங்கித் தெருவிலும் கத்தினோம்.

அம்மா கதவைத் திறந்துவிட்டு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேசிட்டீங்களா?" என்றாள்.

"பேசலம்மா," என்றேன். "சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்."