ஆறாம் அத்தியாயத்தின் மறுபாதி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது முறை. எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. பூட்ஸ் காலைக் கடிக்கிறது, சாப்பாட்டில் உப்பு இல்லை என்ற இரண்டு செய்திகளைத் தவிர மற்ற வரிகள் மேலெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் கறுப்பு மை பூசியிருக்கிறார். இத்தனை வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவளுக்கு இதைவிட என்ன கொடுமை வேண்டும்? ஒரு வரியை அடித்தால் ஏன் அடித்தோம் என்று ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டாமா? சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "நீ" என்ற ஓர் எழுத்து மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு என்ன எழுதினீர்களோ, அந்த மைக்காரருக்குத்தான் வெளிச்சம்.

இங்கே தண்ணீர் மோட்டார் படுத்துவிட்டது. சரிசெய்கிற ஆளும் படைக்குப் போய்விட்டான். கீழேயிருந்து மாடிக்கு நானும் மகனும் குடம் குடமாகத் தூக்குகிறோம். நீங்கள் மேஜை இழுப்பறையைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டீர்கள். என் மூக்குக்கண்ணாடி உள்ளே இருக்கிறது. பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணினால் என்னைச் சொல்லாதீர்கள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சும்மாவா சொன்னார்கள்? எந்த விருந்துக்குப் போனாலும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, காலிப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருகிற மனிதர் நீங்கள். படைக்கு மட்டும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தீர்கள். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவருக்கு, கொசுவைக்கூட ஒரே அடியில் அடிக்கத் தெரியாதவருக்கு, போர் வரலாறு எழுதும் பிரிவில் ஓர் உடுப்பு. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? "காலமெல்லாம் போரைப் புத்தகத்துலயே பார்த்தாச்சு. ஒரு தடவையாவது பக்கத்துல நின்னு பார்க்க வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே சட்டைகளை மடித்தீர்கள். கோபத்தில் நானும் பெட்டி மேல் உட்கார்ந்து அதை மூடக் கைகொடுத்தேன்.

போகட்டும். இப்போது எழுதுவது உங்கள் புத்தகத்தைப் பற்றி. ஐந்து அத்தியாயம் புரூஃப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். ஆறாவது என் கையில் இருக்கும்போதே அச்சக முதலாளி ஒரு காரியம் செய்துவிட்டார். நம் "அவசரம்"தான். எதற்கெடுத்தாலும் அவசரம் அவசரம் என்று பறப்பாரே, அவரே. ஆறாம் அத்தியாயத்தில் பாதியை மட்டும் எடுத்துச் சின்னப் புத்தகமாக அடித்து, ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குக் கட்டுக்கட்டாக அனுப்பியிருக்கிறார். எந்தப் பாதி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பழைய போர்ப்பாட்டுகளில் மகன் இடுப்பில் வாள் கட்டி அனுப்பும் தாய், அவன் விழுந்த செய்தி கேட்டுத் தலைநிமிரும் தாய், அந்தப் பாதி. அட்டையில் உங்கள் பெயர், கொட்டை எழுத்தில்.

மறுபாதியைக் காணோம். அந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் எல்லாரும் அரசன் கொடுத்த பரிசிலில் சாப்பிட்டவர்கள், தாய்மார்களைக் கேட்டுப் பாடியவர்கள் அல்ல என்று எழுதினீர்களே, அது இல்லை. முற்றுகைக்குள் மாட்டிய ஊர்களில் குழந்தைகளுக்குச் செருப்புத் தோலை வேகவைத்துக் கொடுத்தார்கள் என்பது இல்லை. எரிந்த வயலில் அடுத்த விதைப்பு வரை புல்கூட முளைக்கவில்லை என்பதும் இல்லை. அவசரத்திடம் போய்ச் சண்டை போட்டேன். "அக்கா, போர் நேரத்துல அழுகையை யாரு படிப்பா? முதல் பாதி நல்லா ஓடுது, விடுங்க," என்றார். முழுப் புத்தகத்திலும் அத்தியாயத்தை அந்தப் பாதியோடு விட்டுவிடப் போகிறாராம். மக்களுக்குப் பழகிவிட்டதாம்.

நம் மகன் சாப்பிடும்போதும் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்கிறான். "அப்பாவே எழுதியிருக்காரும்மா," என்கிறான். கீழ்வீட்டு மருந்துக் கடைக்காரர் மகனும் அவனுமாகச் சேர்ந்து உரக்கப் படிக்கிறார்கள். அவன்தான், நீங்கள் ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தீர்களே, அந்த நெட்டையன். வாசலில் நின்று படைக்குப் போகிறோம், படைக்குப் போகிறோம் என்று கத்துகிறான். கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "படை வந்தா என்கிட்ட களிம்பு இருக்குடா. நீ எதுக்கு அதைத் தேடிப் போற?" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். மாடிக்கு ஏறியதும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு உங்களிடமிருந்து இரண்டு வேண்டும். ஒன்று, முழு அத்தியாயத்தையும் போடாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று அவசரத்துக்கு ஒரு வரி. இன்னொன்று, மகனுக்கு ஒரு கடிதம். என் பேச்சு அவன் காதில் ஏறவில்லை. அச்சில் வந்த பேச்சுதான் ஏறுகிறது. அதை எழுதியவரே வேண்டாம் என்று சொல்லட்டும்.

தாமதிக்காதீர்கள்.

உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

பதில் கிடைத்தது. இந்த முறை கறுப்பு மை குறைவு. பூசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. "உடுப்பில் இருக்கும்போது அப்படியெல்லாம் எழுதிக் கொடுக்க முடியாது. கொஞ்சம் பொறு. மகனுக்கு என் ஆசி," அவ்வளவுதான். பொறு, பொறு. பொறுத்தவள் பூமி ஆள்வாள் என்கிறீர்களா? ஆளவேண்டாம். அந்தப் பூமியில் யாரும் குழி வெட்டாமல் இருந்தால் போதும்.

அந்த ஆசியை அவனிடம் காட்டாமல் ஒளித்து வைத்தேன். எதற்கு ஆசி என்று நீங்கள் எழுதவில்லை. போவதற்கு என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான்.

நீங்கள் செய்யாததால் நானே ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். பழைய பள்ளிக்கூடக் கட்டடம். கரும்பலகையில் பாதி அழிந்த பெருக்கல் கணக்கு, அதற்குக் கீழே மேஜை, மேஜை மேல் உங்கள் சின்னப் புத்தகங்கள் அடுக்கடுக்காக. அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உங்கள் மனைவி என்றதும் எழுந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். "சார் எழுத்து அப்படியே ரத்தத்தைச் சூடாக்குதும்மா," என்றார். இதற்கு மறுபாதி ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துக் கொடுங்கள், படித்துவிட்டு வருகிறவன் வரட்டும் என்றேன். கையோடு கொண்டுபோன பக்கங்களையும் நீட்டினேன். மரியாதையாக வாங்கினார். மரியாதையாகப் புரட்டினார். "காகிதத் தட்டுப்பாடும்மா," என்று மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை சுவரொட்டி. டீ நன்றாகத்தான் இருந்தது. அதைக் குடித்துவிட்டு வந்தேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

அச்சகத்துக்கும் இனிப் போவதில்லை. ஆறாம் அத்தியாயத்தின் புரூஃபைத் திருப்பித் தரமாட்டேன் என்று சொன்னேன். அவசரம் வேறொரு ஆளைப் போட்டுவிட்டார். அந்த ஆள் "வீரம்" என்பதை "வீரமாம்" என்று விட்டுவிட்டதாகக் கேள்வி. பாவம், அறியாமல் உண்மையை எழுதிவிட்டார்.

இனிமேல்தான் சொல்ல வந்தது. சென்ற வாரம் மகனும் ஒட்டடைக்குச்சியும் காலையில் நூலகத்துக்கு என்று கிளம்பினார்கள். போனது மருத்துவப் பரிசோதனைக்கு. மத்தியானம் இவன் மட்டும் திரும்பி வந்தான். சின்ன வயதில் சீழ் வடிந்ததே, அந்த இடது காது சரியாகக் கேட்கவில்லையாம். தேற மாட்டாய் என்று அனுப்பிவிட்டார்கள். மற்றவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி உயரம் பார்த்துவிட்டு, அங்கேயே வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

அந்தக் காதுக்காக எத்தனை வைத்தியரிடம் நடந்தோம், எத்தனை இரவு நீங்கள் அவனைத் தோளில் போட்டு உலாவினீர்கள். அது ஆறாமல் போனதற்காகச் சந்தோஷப்படும் நாள் வரும் என்று யார் நினைத்தது? என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். "நீதானே அங்க போய்ச் சொன்ன? உனக்கு இப்பத் திருப்திதானே?" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காது ஞாபகம் வந்திருந்தால் டீ குடிக்கும்போதே சொல்லியிருப்பேன்.

அவன் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்கிறான். நீங்களாவது எழுதுங்கள்.

உங்கள் மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

முதலில் ஒரு நல்ல செய்தி. மகன் அறையை விட்டு வெளியே வந்துவிட்டான். தண்ணீர் தூக்குகிறான். கீழ்வீட்டுக்கும் சேர்த்துத் தூக்குகிறான். நான் சொல்லவில்லை, அவனாகத்தான். மருந்துக் கடையில் மாலை வேளையில் உட்கார்ந்து சீட்டைப் பார்த்து மருந்தும் எடுத்துக் கொடுக்கிறான். கடைக்காரர் இப்போதெல்லாம் ஒரு மருந்துக்கு இன்னொன்றை எடுத்துவிடுகிறார்.

ஒட்டடைக்குச்சியிடமிருந்து கடிதம் வந்து நாளாகிறது. முதலில் வந்தது. சட்டையின் கை குட்டையாக இருக்கிறது, இத்தனை நீளக் கைக்கு அவர்களிடம் சட்டையே இல்லை என்று வேடிக்கையாக எழுதியிருந்தான். அதற்குப் பிறகு அவன் இருந்த படைப்பிரிவு ஆற்றைக் கடந்ததாக வானொலியில் சொன்னார்கள். அப்புறம் அந்தப் பிரிவைப் பற்றி வானொலியும் பேசவில்லை.

அவன் அம்மா ஒரு நாள் மாடிக்கு வந்தார். கையில் அந்தச் சின்னப் புத்தகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உங்க வீட்டுக்காரர் எழுதினதை எழுத்துக்கூட்டி முழுசாப் படிச்சேன். அந்தக் காலத்து அம்மா சந்தோஷப்பட்டான்னு போட்டிருக்காரே, அது அவருக்கு எப்படித் தெரியும்? யாராவது அவகிட்ட போய்க் கேட்டாங்களா?" என்றார்.

சண்டைக்கு வந்தவர் மாதிரி கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை அக்கா, அவரும் அதையேதான் கேட்டிருக்கிறார், மறுபாதியில் இருக்கிறது என்று சொல்லி, அலமாரியிலிருந்து புரூஃப் தாள்களை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். நின்றுகொண்டே கேட்டார். செருப்புத் தோல் வேகவைத்த இடத்தில் மட்டும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். நீங்கள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

முடித்து நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்து, "இதை ஏன் என் பையனுக்குக் காட்டல?" என்றார்.

அவன் எத்தனை முறை நம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தாள்கள் அப்போதும் இதே அலமாரியில்தான் இருந்தன. அவசரத்திடம் கத்தினேன், அதிகாரியிடம் நீட்டினேன், உங்களுக்கு எழுதினேன். நம் மகனை எப்படி நிறுத்துவது என்றே ஓடிக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்துகொண்டிருந்த இன்னொருத்தி மகன் கண்ணில் படவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அவரும் காத்திருக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனார்.

அதன் பிறகு படியில் பார்த்தால், "சாப்டாச்சா?" என்று முன்போலவே கேட்கிறார். ஏசினாலும் தேவலை. ஆச்சு என்று சொல்லிவிட்டு வேகமாகப் படி ஏறிவிடுகிறேன்.

புத்தகம் வெளிவந்துவிட்டது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார் அவசரம். பிரிக்கவில்லை. அவருக்கு நீங்கள் வரி எழுத வேண்டாம். யாரோடு மல்லுக்கட்டியும் இனிப் பயனில்லை. பாதியோ முழுதோ, எப்படியோ தொலையட்டும்.

இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் வரலாறு எழுதும் பிரிவில் இருக்கிறீர்கள். எந்தப் பிரிவு எங்கே நிற்கிறது, யார் எந்த மருத்துவமனையில் கிடக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு வழி இருக்கும். உடுப்பில் இருக்கும்போது முடியாது என்று இதற்கும் எழுதிவிடாதீர்கள். ஆற்றைக் கடந்த பெரிய பெரிய தளபதிகளைப் பற்றி அப்புறம் எழுதலாம். கூட்டத்தில் தலை மட்டும் மேலே தெரிகிற ஒரு பையன், சட்டைக் கை முழங்கை வரைதான் இருக்கும், சிரித்தால் ஈறு தெரியும். அவனைத் தேடுங்கள். கண்டால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எனக்கு வேண்டாம். அவன் அம்மாவுக்கு. எழுத முடியாத நிலையில் கிடந்தால் அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

வேறுவிதமாக இருந்தால் கடிதத்தில் எழுதாதீர்கள். அதை என்னால் அவருக்குப் படித்துக் காட்ட முடியாது. நீங்களே நேரில் வந்து, கீழ்வீட்டு வாசலில் நின்று, உங்கள் வாயால் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். அதற்காகவாவது வர வேண்டும். கையும் காலும் கண்ணும் எல்லாம் இருக்கிறபடியே வர வேண்டும். வழியில் எங்கேயும் நின்று எதையும் பார்க்க வேண்டாம்.

குனிந்து நடங்கள். சாப்பிடுங்கள், உப்பில்லாவிட்டாலும்.

மின்சாரம் இல்லாததால் அழைப்பு மணி அடிப்பதில்லை. கதவைத் தட்டுங்கள். எத்தனை மணியானாலும் நான் திறப்பேன்.

உங்கள் மனைவி