நைனாவின் இறால் சைக்கிள்

வியாழன், இரவு.

தங்கச்சி புருஷன் தேசப்பன் காலையில் வந்து நைனாவின் இறால் சைக்கிளைக் கேட்டான்.

அது என்னைப் பெற்ற நைனாவே கண்டுபிடித்தது. இரண்டு டிரம்மின் மேல் பழைய சைக்கிளைக் கட்டி, பின்சக்கரத்தில் தகரத் துடுப்புகளை அடித்திருந்தார். ஏரியில் விட்டு மிதித்தால் சேறு கலங்கி இறால் மேலே வரும், கூடையால் அள்ளலாம் என்பது அவர் கணக்கு. சேறு கலங்கியது. இறால் மேலே வராமல் பக்கத்து இடத்துக்கு ஓடிவிட்டது. ஊரே சிரித்தது, அதிகம் சிரித்தவன் தேசப்பன். நைனா போனபின் அதில் கோழி முட்டையிடுகிறது.

"சும்மாதானே கெடக்குது மச்சான், குடேன்."

"இன்னாத்துக்கு?"

"பசங்க வெளயாடத்தான்."

அவன் பசங்க இருவரும் மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள்.

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். விளக்கு வைக்கும்போதுதான் உறைத்தது. ஏரியில் வலை கட்டும் இடத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இந்த வாரம் நல்ல இடம் எனக்கு, அதை ஒட்டிய வெறும் இடம் அவனுக்கு. என் இடத்தில் அந்தச் சைக்கிளை மிதித்தால் இறாலெல்லாம் அவன் வலைக்குத்தான் ஓடும். ஓடுகிற இறால் எங்கே போகும் என்று நைனா யோசிக்கவே இல்லை. இவன் யோசித்திருக்கிறான்.

சைக்கிள் சங்கிலியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இனி எவனும் மிதிக்க முடியாது.

அடுத்த வாரம் முறைப்படி இடம் மாறும். நல்ல இடம் அவனுக்கு, பக்கத்து இடம் எனக்கு.

சங்கிலி துருப்பிடித்திருந்தது. அதற்கு ஏன் எண்ணெய் போட்டேன் என்று தெரியவில்லை.