இரண்டு வழிக்கும் ஒரே கதவு

9-1-1983, ஞாயிறு

இன்று சவுரியம்மாள் கோடாலியால் இரண்டு ஓநாய்களை வெட்டிச் சாய்த்தாள். எல்லாம் சர்ச் ஹாலில், பெஞ்சில் உட்கார்ந்த இடத்திலேயே. வாயால் சொன்னாள், காயை உருட்டினாள், பதினெட்டு விழுந்தது, ஓநாய் செத்தது.

முதியோர் கல்வி வகுப்பு முடிந்தாலும் எழுத்துப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது, ஏதாவது எழுதிக்கொண்டே இருங்கள் என்று ரோஸ் டீச்சர் சொல்லியிருக்கிறார். எனக்கு எழுத இந்த விளையாட்டுதான் இருக்கிறது.

டீச்சர் வீட்டு மாடியில் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார நர்ஸ் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பெட்டி அது. உள்ளே ஒரு இங்கிலீஷ் புத்தகம். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைக் காய்கள். டீச்சர் படித்துச் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: ஒருவர் ஒரு நாட்டை உண்டாக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நாட்டுக்குள் ஆளுக்கொரு வேஷத்தில் போக வேண்டும். "எதிரில் ஓநாய் நிற்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று முதல் ஆள் கேட்பார். அவர்கள் சொல்வார்கள். அது முடிந்ததா இல்லையா என்பதைக் காய் சொல்லும். வாரா வாரம் கதை நீளும்.

நாட்டை உண்டாக்குகிறவன் நான். மாசிலாமணி. வயது அறுபத்தேழு.

அந்த ஆளுக்கு மாஸ்டர் என்று பெயர் என்றார் டீச்சர். இஷ்தியாக் அகமது விடவில்லை. "மாஸ்டர் இன்னா மாஸ்டர்? நம்ம ஷாப்புல இருந்தானே, அவனாட்டம் மேஸ்திரின்னு சொல்லு." அவனும் நானும் தோல் பதனிடுகிற ஒரே ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் காலம் தள்ளியவர்கள். அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் மேஸ்திரி.

11-1-1983

காயில் எண்கள் வெறும் பள்ளமாக இருக்கின்றன. நிறம் இல்லை, கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று பள்ளங்களில் சுண்ணாம்பைக் குழைத்துத் தேய்த்துத் துடைத்தேன். பளிச்சென்று இருக்கிறது. குழியில் என் விரல் தோலைத் தின்ற சுண்ணாம்பு இப்போது எனக்காக வேலை செய்கிறது.

14-1-1983, பொங்கல்

கமலம் பொங்கல் கொடுத்தனுப்பினாள். பஜாரில் பூ விற்கிறவள். வகுப்பில் என் பக்கத்து பெஞ்சு. விளையாட்டில் அவள் மந்திரக்காரி. இஷ்தியாக் எந்தப் பூட்டையும் திறக்கிற கள்ளன். சவுரியம்மாள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ரிட்டையர் ஆனவள். அவளை மருத்துவச்சியாக வைக்கலாம் என்றார் டீச்சர். "டீச்சர், வாழ்க்கை பூரா பெட்பேன் எடுத்தேன். இங்கயும் கட்டுப் போடணுமா? எனக்குக் கோடாலி குடுங்க" என்றாள்.

எங்கள் நாட்டின் பெயர் பொன்னாற்று நாடு. அந்த ஆற்றை ஒரு பூதம் குடித்துவிட்டு மலைக்கு அடியில் தூங்குகிறது. ஊரெல்லாம் தாகம். இவர்கள் மூவரும் போய்ப் பூதத்தைக் கொல்ல வேண்டும். ஆறு திரும்பி வர வேண்டும்.

அந்தக் கடைசிப் பக்கத்தை இன்று எழுதி முடித்தேன். பூதத்தின் கழுத்து அறுபடுகிறது, ஆறு சீறிக்கொண்டு வருகிறது, காய்ந்த மணலெல்லாம் எழுந்து நடப்பதுபோல் இருக்கிறது. யாருடைய உதவியும் இல்லாமல் நான் எழுதிய முதல் முழுப்பக்கம். நாலைந்து தடவை வாய்விட்டுப் படித்தேன். மருமகள் ஞானசுந்தரி எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, பரிட்சையா?" என்றாள்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அந்த நாள் வரும்போது படிப்பேன்.

23-1-1983, ஞாயிறு

ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன்.

ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு வாரம் ஆகிறது. இந்த வாரம் ஒரு கிழவியின் குடிசையை மட்டும் எழுதியிருந்தேன். ஆனால் இவர்களிடம் வழி கேட்டால்தானே விளையாட்டு? "காட்டு வழியா, பாலத்து வழியா?" என்றேன். பெரிய சண்டை. காட்டில் பாம்பு இருக்கும் என்றாள் கமலம். பாலத்தில் காவல் இருக்கும் என்றான் இஷ்தியாக். கடைசியில் பாலம். பாலத்தைத் தாண்டியதும் கிழவியின் குடிசை.

காட்டு வழியில் போயிருந்தாலும் அதே குடிசைதான். யாருக்குத் தெரியும்? வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

6-2-1983, ஞாயிறு

இன்றும் அதே தந்திரம். நன்றாக ஓடியது. நான் கைதேர்ந்துவிட்டேன்.

13-2-1983, ஞாயிறு

கை ஓடவில்லை. எழுதத்தான் வேண்டும்.

இந்த வாரம் எழுதி வைத்திருந்தது ஒரு கோட்டை. இரும்புக் கதவு, அதில் சிங்க முகம் வைத்த வளையம். "மலை வழியா, ஓடை வழியா?" என்று கேட்டேன். சவுரியம்மாள் மலை என்றாள். இஷ்தியாக் ஓடை என்றான். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்போ நானும் அக்காவும் மலையில போறோம். பாய் ஓடையில வரட்டும்" என்றாள் கமலம்.

இப்படி ஒன்று நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. முதலில் பெண்கள் பக்கம் சொன்னேன். ஏறினீர்கள், இறங்கினீர்கள், எதிரில் இரும்புக் கதவு, சிங்க முக வளையம்.

"சரி, நான் ஓடையில போறேன். அங்க இன்னா?" என்றான் இஷ்தியாக்.

தாளைப் பார்த்தேன். தாளில் வேறு எதுவும் இல்லை.

"ஒரு — கதவு."

"இரும்புக் கதவா?"

"ஆமா."

"சிங்க மூஞ்சியா?"

நான் தாளைக் கவிழ்த்தேன். கமலம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இஷ்தியாக் சிரிக்கவில்லை.

"அன்னிக்குக் குடிசை? காட்டுல போயிருந்தாலும் அதே குடிசைதானா?"

"ஆமா பாய்."

"அப்புறம் எதுக்கு எங்களக் கேட்ட?" காயை மேஜைமேல் வைத்தான். "உனக்குப் பேரு சரியாத்தான் வச்சேன். நெஜமாவே மேஸ்திரி ஆய்ட்ட." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒரு விளையாட்டுக்குப் போயி இவ்ளோ கோவமா? நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்?

15-2-1983

காயைத் தொடவில்லை.

18-2-1983, வெள்ளி

இஷ்தியாக் தொழுகை முடிந்து வருவான் என்று டீக்கடையில் காத்திருந்தேன். வந்தான். இரண்டு டீ சொன்னான், எனக்கும் சேர்த்து. டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஷாப்புல மேஸ்திரி கேப்பானே, ஞாபகம் இருக்குதா? 'இன்னா பாய், குழி வேலையா, டிரம் வேலையா, எது வேணும்?' நான் டிரம்முன்னு சொல்வேன், அதுல சுண்ணாம்புல கை வேகாதே. அவன் பலகையில ஏற்கெனவே குழின்னு எழுதி வச்சிருப்பான்னு அப்புறம் ஒருத்தன் படிச்சுச் சொன்னான். கேக்காம அனுப்பியிருந்தா கோவம் வந்திருக்காது மணி. கேட்டுட்டு அனுப்பினான் பாரு."

அந்தப் பலகையை எனக்கும் தெரியும். எனக்கு அப்போது எழுத்து தெரியாது. அவனுக்கு உருது தெரியும், தமிழ் எழுத்து இன்றைக்கும் தெரியாது. இரண்டு பேரையும் கேட்டுக் கேட்டே குழியில் இறக்கினார்கள்.

"உன் ஆட்டத்துலதான் நான் சொன்ன பக்கம் கால் போவுதுன்னு நெனச்சேன்" என்றான்.

எனக்கு வேகமாக எழுத வரவில்லை, அதனால்தான் என்றேன். அது உண்மை. ஆனால் தந்திரம் பலித்தபோது சிரித்தேனே, அதற்கு என்ன சொல்வது?

20-2-1983, ஞாயிறு

இஷ்தியாக் வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பெண்கள் இருவரும் எழுந்தார்கள். "பாய் இல்லாம பூட்டை யாரு தொறக்கிறது? அவரு வந்தா சொல்லி அனுப்புங்க அண்ணே" என்றாள் சவுரியம்மாள். ஆள் இல்லாமல் நாடு எதற்கு?

விட மாட்டேன். இந்த வயதில் அ ஆ படித்தவன் நான். இதையும் படிப்பேன்.

22-2-1983

இரண்டு வழிக்கு இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம்கூட முடியவில்லை. விரல் மடங்கவில்லை.

24-2-1983

இன்று வேறு மாதிரி செய்தேன். என்ன நடக்கும் என்பதை எழுதவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் — அவ்வளவுதான். இடத்துக்கு ஒரு வரி. "ஓடை: காய்ந்த ஆற்று மணலில் வெள்ளரி போட்டுப் பிழைக்கிறவர்கள். அவர்களுக்கு வழிகாட்டக் கூலி வேண்டும்." முடிந்தது. நடப்பதை அவர்கள் வந்து நடத்தட்டும்.

இப்படி எழுதினால் எனக்கு முடிகிறது. மலைக்கும் எழுதினேன். முடிகிறது!

27-2-1983, ஞாயிறு

நேற்றே இஷ்தியாக் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்: கேட்பதற்கு முன்பே இரண்டு வழியையும் எழுதி மேஜையில் கவிழ்த்து வைக்கிறேன். நீங்கள் ஒன்றைச் சொன்ன பிறகு இன்னொன்றையும் திருப்பிப் பார்க்கலாம்.

"பாக்கத்தான் வந்தேன். ஆட மாட்டேன்" என்று இஷ்தியாக் ஹால் வாசலிலேயே நின்றான்.

இரண்டு தாளையும் கவிழ்த்தேன். வழி பிரிகிற பழைய இடத்திலிருந்து தொடங்கினேன். மலை வழியா, ஓடை வழியா? பெண்கள் இருவரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தாங்கவில்லை. "ஓடை" என்றான். "சரி, ஓடையே" என்றாள் சவுரியம்மாள்.

ஓடையில் வெள்ளரிக்காரர்கள். கமலம் மலைத் தாளைத் திருப்பினாள். எழுத்துக் கூட்டி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். "இ...ரும்...புக் கதவு. உள்...ளே பற...க்கும் குதிரை. அத...ற்குப் பசி."

"குதிரையா?" இஷ்தியாக் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பறக்கிற குதிரையா? அட பேஜாரே, அந்தப் பக்கம் போயிருக்கலாமே!"

"நீங்கதானே பாய் ஓடைன்னீங்க" என்றாள் கமலம்.

"நான்தான். நான்தான் சொன்னேன்." குதிரை போச்சே என்று புலம்பியபடியே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இவ்வளவு சந்தோஷமாக அவன் புலம்பி நான் பார்த்ததில்லை. "திரும்பிப் போனா இருக்குமா?"

"இருக்கலாம். பசி தாங்காம வேற எங்கயாவது போயிருக்கவும் கூடும்" என்றேன். எனக்கே தெரியாது.

13-3-1983, ஞாயிறு

இரண்டு வாரமாக இவர்கள் வெள்ளரிக்காரர் ஊரை விட்டு நகரவில்லை. அங்கே ஒரு கல்யாணம். சவுரியம்மாள் பந்தி பரிமாறினாள். பூதம் காத்திருக்கிறது. என் பையில் பக்கமும் காத்திருக்கிறது.

27-3-1983, ஞாயிறு

இன்று பூதத்தின் முன்னால் நின்றார்கள். வயிறு குன்றுபோல் உயர்ந்து இறங்குகிறது, உள்ளே ஆறு அலையடிக்கிறது என்றேன். சவுரியம்மாள் இருபது முகக் காயைக் கையில் எடுத்தாள். நான் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டேன்.

அவள் காயை உருட்டவில்லை.

"அண்ணே, ஆறு வந்தா வெள்ளரிக்காரங்க இன்னா ஆவாங்க?"

அவர்களை மணலில் குடி வைத்தவன் நான்தான். ஒரே வரியில். என் கடைசிப் பக்கத்தை எழுதியபோது மணலில் யாரும் இல்லை.

எல்லாரும் மேட்டில் ஏறிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காய் உருளும், கழுத்து அறுபடும், நான் படிக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இஷ்தியாக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடிச்சுட்டுப் போயிடும்" என்றேன்.

"அப்போ வெட்ட மாட்டேன்." கோடாலியை இறக்கிவிட்டாள்.

"மேல ஊர் பூரா தண்ணி இல்லாம சாவுதே, அதுக்கு?" என்று இஷ்தியாக் கத்தினான். "அந்தக் கல்யாணப் பொண்ணு மூஞ்சியப் பாத்து நீ சொல்லு பாய்" என்றாள் அவள். விளையாட்டு என்பதே மறந்துபோனது. பக்கத்து அறையில் பாட்டுப் பழகியவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கமலம்தான் கடைசியில் பேசினாள். "எங்கிட்டப் பூ கோக்கிற ஊசி இருக்குது. பூதத்தோட ஒதட்டோரம் ஒரு சின்ன ஓட்டை போடறேன். கொஞ்சமா வந்தாப் போதாதா?"

என்னிடம் அதற்கு எழுத்து இல்லை. பதினாலுக்குமேல் விழ வேண்டும் என்றேன். ஒன்பது விழுந்தது. பூதம் ஒரு கண்ணைத் திறந்தது. இஷ்தியாக் எழுந்து நின்று, "தூங்குங்க பெரியவரே, ஒண்ணும் இல்ல" என்று தன் அம்மா பாடிய உருதுத் தாலாட்டைப் பாடினான். காயை உருட்டினான். பத்தொன்பது. கண் மூடியது. கமலம் மறுபடி உருட்டினாள். பதினாறு.

ஒரு நூல்போல் தண்ணீர் வந்தது. வெள்ளரிப் பாத்திகளுக்கு நடுவே வளைந்து, யார் வீட்டையும் தொடாமல், மேல் ஊர்க்காரர்கள் குடத்தோடு வந்து நிற்கிற இடம்வரை போனது. இதையெல்லாம் நான் தாள் பார்க்காமல் சொன்னேன். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

அந்தக் கடைசிப் பக்கம் பையிலேயே இருக்கிறது. வேர்வையில் ஓரம் கரைந்திருக்கிறது. நல்ல பக்கம்தான்.

3-4-1983, ஈஸ்டர்

விளையாட்டு இல்லை. இஷ்தியாக் வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்பினேன். ஏனத்தைத் திருப்பி அனுப்பும்போது சொல்லி அனுப்பியிருக்கிறான்: அடுத்த வாரம் நீ ஆடு, நான் நாட்டைப் பாத்துக்கிறேன்.

10-4-1983, ஞாயிறு

எனக்கு ஒரு வேஷம் வேண்டுமே என்று வாரம் முழுக்க யோசித்தேன். படகுக்காரன் என்று வைத்துக்கொண்டேன். இதுவரை படகையே தொட்டதில்லை.

இஷ்தியாக் ஹாலுக்கு முன்னதாகவே வந்திருந்தான். மேஜையில் இரண்டு தாள் கவிழ்ந்திருந்தன. ஓரத்தில் உருது எழுத்து தெரிந்தது.

"நூல் ஆறு ரெண்டாப் பிரியுது. வலப் பக்கம் மூங்கில் காடு. எடப் பக்கம் ஒண்ணும் தெரியல, வெறும் புகை" என்றான். இரண்டு தாளையும் விரலால் தட்டிக் காட்டினான். "எழுதிட்டுத்தான் கேக்கறேன். எந்தப் பக்கம் மேஸ்திரி?"

கமலம் மூங்கில் என்றாள். சவுரியம்மாள் புகை என்றாள். துடுப்பு என் கையில் இருந்தது.

"சொல்லு மணி."

"இரு பாய். யோசிக்கிறேன்."